பள்ளி ஆண்டு விழாவும் பவணந்தியார் சொன்ன அரைப் பங்கும்

பள்ளிக்கூட ஆண்டு விழா என்பது வெள்ளைக்காரர் கொண்டுவந்த சங்கதி என்றுதான் நம்மவர்களில் பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். மேடை, தலைமையாசிரியரின் ஆண்டறிக்கை, சிறப்பு விருந்தினர், பரிசுக் கோப்பை என்ற இந்த வரிசை அவர்கள் காலத்தில் வந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பிள்ளை கற்றதை ஊர் கூடி உட்கார்ந்து கேட்பது என்ற வழக்கம் அதற்கு வெகு காலம் முந்தியது. அது வெறும் கொண்டாட்டமாக இருக்கவில்லை, படிப்பிலேயே ஒரு பகுதியாக இருந்தது. தலைநகரில் தமிழ்ப் பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு இந்தக் கதை கொஞ்சம் வேண்டியிருக்கிறது என்பதால் இந்த மலரில் எழுதத் துணிந்தேன்.

நன்னூலிலிருந்து தொடங்குகிறேன். அதை இயற்றிய பவணந்தி முனிவர் சமணர். மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்துச் சிற்றரசனான சீயகங்கன் கேட்டுக்கொண்டதற்கிணங்க அந்த இலக்கணத்தை எழுதினார். எழுத்து, சொல் என்று உள்ளே போவதற்கு முன் பாயிரம் என்று ஒரு பகுதி உண்டு. நன்னூல் படித்தவர்களுக்கே பாயிரம் மறந்து போயிருக்கும். பரீட்சைக்கு அதிகம் வராது பாருங்கள்! நல்லாசிரியன் யார், ஆசிரியன் ஆகத் தகாதவன் யார், மாணாக்கன் எப்படி இருந்து பாடம் கேட்க வேண்டும் என்றெல்லாம் அதில் வகுத்துச் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு கணக்கும் போடுகிறார். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு ஒழுங்காகக் கேட்டுக்கொண்டாலும் கால் பங்குதான் வரும். கூடப் படிக்கிறவர்களோடு பழகிப் பேசினால் இன்னொரு கால் பங்கு. மீதி அரைப் பங்கு, கற்றதைப் பிறருக்குச் செவ்வையாக எடுத்துரைக்கும்போதுதான் கைகூடும்.

நான் வியாபாரி. எனக்கு எதுவும் ரூபாய் அணாவாகச் சொன்னால்தான் மண்டையில் ஏறும். வாத்தியார் நாலணா, சிநேகிதன் நாலணா, நாலு பேர் முன்னால் எழுந்து நின்று சொல்வது எட்டணா. எட்டு நூற்றாண்டுக்கு முன்னால் ஒரு முனிவர் எழுதிய கணக்கு இது. இந்த எட்டணா எந்தெந்தக் காலத்தில் எப்படி வசூலானது, இப்போது ஏன் பாக்கி நிற்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

பாறையில் எழுதிய பெயர்கள்

பள்ளி என்றால் முதலில் படுக்கை, தங்குமிடம் என்றே பொருள். மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் துறவிகளுக்காகக் கல்லில் வெட்டிய படுக்கைகளையும், அவற்றின் அருகே தமிழ்ப் பிராமி எழுத்துகளையும் இன்றும் பார்க்கலாம். பள்ளி என்ற சொல் அந்தக் கல்வெட்டுகளிலேயே வருகிறது. பிற்காலத்தில் சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு இறையிலியாக விடப்பட்ட நிலத்துக்குப் பள்ளிச்சந்தம் என்று பெயர். உணவு, மருந்து, அடைக்கலம், சாத்திரம் ஆகிய நான்கு தானங்கள் எங்கள் இல்லறத்தாருக்கு விதித்தவை. சாத்திர தானம் என்பது கல்விக் கொடைதான். துறவிகள் தங்கிய பள்ளியிலேயே ஊர்ப் பிள்ளைகளும் படித்ததால் பள்ளிக்கூடம் என்ற பெயர் நிலைத்தது என்று மயிலை சீனி. வேங்கடசாமி தம் ‘சமணமும் தமிழும்’ நூலில் விளக்கியிருக்கிறார். பௌத்தருக்கும் பள்ளி உண்டு என்பதால் எங்கள் ஆட்கள் மட்டும் இதற்குத் தனி உரிமை கொண்டாடுவது நியாயமில்லை.

வந்தவாசிப் பக்கம் வேடல் என்று ஒரு சிற்றூர். அங்கே உள்ள முதலாம் ஆதித்த சோழனின் 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, அதாவது 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது, கனகவீரக் குரத்தியார் என்ற பெண் துறவியைப் பற்றிப் பேசுகிறது. குரத்தி என்பது குரு என்பதன் பெண்பால். குணகீர்த்தி பட்டாரகரின் மாணாக்கியான இவருக்கு ஐந்நூறு பெண் பிள்ளைகள் மாணவியராக இருந்தார்கள். இவர்களுக்கும் நானூற்றுவர் கொண்ட இன்னொரு தரப்புக்கும் பிணக்கு ஏற்பட்டது. ஊரார் தலையிட்டு, குரத்தியாரையும் அவர் பிள்ளைகளையும் காத்துச் சோறளிக்கும் பொறுப்பை ஏற்று, அதைக் கல்லிலும் வெட்டி வைத்தார்கள். பள்ளிக்கூடம் என்றால் சண்டை அன்றைக்கும் உண்டு போலிருக்கிறது. ஆனால் ஐந்நூறு பெண்களின் படிப்பு ஒரு சிற்றூரின் பொதுக் காரியமாக இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். இந்த எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளட்டும். பின்னால் வேறொரு எண்ணோடு சேர்த்துப் பார்க்கப்போகிறோம்.

தெற்கே கழுகுமலைக்குப் போனவர்கள் பாறைச் சரிவில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர் உருவங்களைப் பார்த்திருப்பார்கள். 8, 9ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. பலவற்றின் அடியில் இரண்டொரு வரி எழுத்து உண்டு. இன்ன ஊர், இன்ன ஆசிரியருடைய மாணாக்கர், இன்னார் செய்வித்த திருமேனி என்ற அளவில் முடிந்துவிடும். குரத்திகள் பெயர்கள் அங்கே நிறைய. கல்வெட்டு அறிஞர்கள் இவற்றை அறக்கொடைப் பதிவுகள் என்பார்கள், சரிதான். எனக்கோ அதைப் பார்க்கும்போதெல்லாம் ஊர் பார்க்க ஒட்டி வைத்த ஒரு பழைய பாஸ் லிஸ்ட் போலவே தோன்றும். மார்க் இல்லை, ரேங்க் இல்லை. யாரிடம் படித்தவர், எந்த ஊர்க்காரர், அவ்வளவுதான்.

ஒரு புத்தகம் முடிந்த நாள்

எங்கள் வீடுகளில் கொண்டாடும் சுருத பஞ்சமி பற்றி நம் சங்கத்து அன்பர்கள் பலருக்குத் தெரிந்திருக்காது. கேட்டு அறிந்த நூலுக்குச் சுருதம் என்று பெயர். ஜேஷ்ட மாதத்து வளர்பிறை ஐந்தாம் நாள், வைகாசியிலோ ஆனித் தொடக்கத்திலோ வரும். அன்று நூல்களை எடுத்து வைத்து வழிபடுவார்கள். அதற்குக் காரணமான வரலாறு ஒரு பரீட்சையில் தொடங்குகிறது.

கி.பி. முதல் இரண்டு நூற்றாண்டுகளை ஒட்டி வாழ்ந்தவர் என்று சொல்லப்படும் தரசேனர் என்ற ஆசாரியர், சௌராட்டிரத்துக் கிர்நார் மலைக் குகையில் இருந்தார். முதுமை வந்துவிட்டது. தம்மோடு ஆகம அறிவு அழிந்துவிடுமே என்ற கவலையில் மாணவர்களை அனுப்பச் சொல்லி ஆள் விட்டார். இருவர் வந்தார்கள். அவர்களுக்கு ஆளுக்கொரு மந்திரம் கொடுத்து ஜெபிக்கச் சொன்னார். ஒன்றில் ஓர் எழுத்து கூட, மற்றதில் ஓர் எழுத்து குறைய! ஜெபித்தபோது தோன்றிய தேவதைகளில் ஒருத்திக்கு ஒற்றைக் கண், இன்னொருத்திக்குப் பல் துருத்திக்கொண்டிருந்தது. தேவதைக்கு அங்கக் குறை இராது, ஆகவே பிழை மந்திரத்தில்தான் இருக்க வேண்டும் என்று இருவரும் யோசித்து, இலக்கணத்தால் சோதித்துத் திருத்தி, மறுபடி ஜெபித்தார்கள். தேவதைகள் நல்லுருவோடு வந்தன. கேள்வித்தாளிலேயே பிழை வைத்துச் சோதித்த வாத்தியாரை வேறெங்கே கேள்விப்பட்டிருக்கிறோம்! அதன் பிறகே பாடம் தொடங்கியது.

அந்த இருவர்தாம் புட்பதந்தர், பூதபலி. பாடம் முடிந்தபின் புட்பதந்தர் வனவாசி நாட்டுக்கும் பூதபலி திரமிள நாட்டுக்கும் போனார்கள் என்பது எங்கள் நூல் மரபு. திரமிள நாடு என்பது நம் தமிழ்நாடுதான். சட்கண்டாகமம் என்ற நூல் நிறைவேறிய நாளில் துறவியர் ஆணும் பெண்ணும், இல்லறத்தார் ஆணும் பெண்ணும் ஆகிய நால்வகைச் சங்கமும் கூடி அந்நூலை வழிபட்டது. ஒரு புத்தகம் முடிந்ததை ஊரே கூடிக் கொண்டாடிய அந்த நாள்தான் சுருத பஞ்சமி.

இதே வழக்கம் மிக அண்மைக் காலம் வரை தமிழ்நாட்டில் இருந்ததற்கு டாக்டர் உ.வே. சாமிநாதையரே சாட்சி. கும்பகோணம் கல்லூரிக்கு 1880இல் ஆசிரியராக வந்தவர், சீவக சிந்தாமணியைப் படிக்கப் புகுந்து, சமண சமயச் செய்திகள் விளங்காமல் திண்டாடினார். அந்த ஊரிலேயே சமணர் வீடுகள் இருப்பதை அறிந்து சந்திரநாதச் செட்டியார் என்பவர் வீட்டுக்குப் போனார். வாசலில் கோலமும் தோரணமுமாக இருந்தது. என்ன விசேஷம் என்று விசாரித்தால், சிந்தாமணி படனம் பூர்த்தியாயிற்று என்று பதில். மாதக்கணக்காக அந்த வீட்டில் ஒருவர் படிக்க மற்றவர் கேட்டு வந்து, அன்றைக்கு நூல் முடிந்திருக்கிறது. கல்யாணம் போலக் கொண்டாடுகிறார்கள். ‘என் சரித்திர’த்தில் ஐயர் இதை வியந்து எழுதியிருக்கிறார். அந்தப் படிப்புக் கூட்டத்தில் ஐயங்களைக் கேட்டுத் தெளிந்துதான் 1887இல் சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தார். அதாவது, அரைப் பங்கு அந்த வீட்டுக் கூடத்தில் கிடைத்தது.

திண்ணையும் தெருவும்

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வகுப்பு என்று கிடையாது. விஜயதசமியன்று மணலில் அரி ஓம் எழுதித் தொடங்குவார்கள். சமணப் பிள்ளைகளுக்குச் சித்தரை வணங்கித் தொடக்கம். வடக்கிலும் பழைய தலைமுறை ‘ஓநாமாசீதம்’ என்று சொல்லித்தான் அகரம் கற்றது. ‘ஓம் நமஸ் சித்தம்’ என்பதன் மழலை அது. பிறகு மணலிலிருந்து ஓலை. ஆத்திசூடி, கொன்றைவேந்தன், எண்சுவடி, சதகங்கள் என்று ஒவ்வொருவனும் அவனவன் வேகத்தில் போவான். என்ன வகுப்பு என்று யாரும் கேட்டதில்லை. நிகண்டு வரை வந்திருக்கிறான், நன்னூல் தொட்டிருக்கிறான் என்பதுதான் தகுதி. அந்த நிகண்டில் பெரிதும் வழங்கிய சூடாமணி மண்டல புருடர் செய்தது, அவரும் சமணர். செய்யுள் இலக்கணம் படித்த யாப்பருங்கலக்காரிகை அமிதசாகரர் செய்தது, அவரும் சமணர். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சைவர் வீட்டுத் திண்ணையிலும் வைணவர் வீட்டுத் திண்ணையிலும் அவற்றைத்தான் பேதமில்லாமல் ஓதினார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

சாயங்காலம் எல்லாப் பிள்ளைகளும் எழுந்து நிற்பார்கள். சட்டாம்பிள்ளை முதலில் சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து உரக்கச் சொல்வார்கள். வாய்பாடு தெருக்கோடி வரை கேட்கும். தகப்பன் வயலிலிருந்து வரும்போதே தன் மகன் குரல் எந்த இடத்தில் தடுக்குகிறது என்று தெரிந்துகொண்டு வீட்டுக்கு வருவான். பேரன்ட் டீச்சர் மீட்டிங் தனியாகத் தேவைப்படவில்லை!

சென்னை மாகாணத்தின் பல்லாரி ஜில்லா கலெக்டராக இருந்த காம்பெல் 1823இல் எழுதிய அறிக்கையில் ஒரு வழக்கத்தைக் குறித்திருக்கிறார். காலையில் முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதி என்று எழுதுவார்களாம். அது மரியாதை. இரண்டாவதாக வருபவனுக்குச் சுழி, அதாவது புகழும் இல்லை பழியும் இல்லை. மூன்றாவது ஆளுக்கு மெதுவாக ஓர் அடி, நாலாமவனுக்கு இரண்டு, இப்படியே ஏறும். பரிசு என்பது உள்ளங்கையில் எழுதிய ஒரு பெயர். மத்தியானம் சோறு தின்னக் கை கழுவினால் போய்விடும். மறுநாள் மறுபடி சம்பாதிக்க வேண்டும்.

ஆண்டு விழா என்று சொல்லத்தக்கது நவராத்திரியில் நடந்தது. மகர்நோன்பு என்றும், பேச்சில் மானம்பு என்றும் சொல்வார்கள். உபாத்தியாயர் பிள்ளைகளை அலங்கரித்து, கையில் கோலாட்டக் கழிகளைக் கொடுத்து, வீடு வீடாக அழைத்துக்கொண்டு போவார். வாசலில் நின்று பாட்டுப் பாடிக் கோல் அடிப்பார்கள். வீட்டுக்காரர்கள் கேட்டுவிட்டுப் பணமோ துணியோ தானியமோ கொடுப்பார்கள். அது உபாத்தியாயருக்கு வருடத்தில் கிடைக்கும் முக்கியமான வரும்படி. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஊரார் பள்ளிக்குப் போகவில்லை, பள்ளி ஊராரிடம் வந்தது. பரிசு பிள்ளைக்குப் போகவில்லை, வாத்தியாருக்குப் போனது. பிள்ளை நன்றாகப் பாடினால் வாத்தியார் வீட்டில் அடுப்பெரியும். அப்படியென்றால் மூலையில் நிற்கும் மந்தப் பிள்ளையைக்கூட அவர் விட்டுவிட முடியாதல்லவா?

இதையெல்லாம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. திண்ணைப் பள்ளியின் தண்டனைகள் கொடுமையானவை, தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான திண்ணைகளில் இடமில்லை. பெண்களின் கதியை எண்ணே சொல்லும். கவர்னர் தாமஸ் மன்றோ 1822 ஜூன் மாதம் உத்தரவு போட்டுச் சென்னை மாகாணம் முழுவதும் கணக்கெடுக்கச் செய்தார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்ற விகிதத்தை அவரே குறித்திருக்கிறார். தரம்பால் 1983இல் வெளியிட்ட நூலால் இந்தக் கணக்கு இப்போது பலருக்கும் தெரியும். மேடைகளில் இதைப் பெருமையாகச் சொல்பவர்கள் அடுத்த எண்ணைச் சொல்வதில்லை. அந்த 1,88,650 பேரில் பெண்கள் 4,540 மட்டுமே. நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. வேடல் என்ற ஒரு சிற்றூரில் ஐந்நூறு. ஒன்பது நூற்றாண்டு கழித்து ஒரு மாகாணம் முழுவதிலும் நாலாயிரத்துச் சொச்சம். இடையில் என்ன நடந்தது என்று எங்கள் சமணர்களும் சேர்ந்துதான் யோசிக்க வேண்டும். எங்கள் வீடுகளிலும் குரத்தி என்ற சொல் வழக்கொழிந்து போனதே!

இன்ஸ்பெக்டர் வந்தார்

1789இல் எழும்பூர் ஆண் அனாதைகள் விடுதிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதையும் பெரியவன் சிறியவனுக்குச் சொல்லிக்கொடுப்பதையும் எடுத்தாண்டு, 1797இல் லண்டனில் நூலாக எழுதினார். ‘மதராஸ் முறை’ என்று இங்கிலாந்தில் அது பரவியது. நம் சட்டாம்பிள்ளை கப்பல் ஏறின கதை இது. பவணந்தியாரின் அரைப் பங்கை அவர்கள் இறக்குமதி செய்துகொண்ட அதே நூற்றாண்டில் இங்கே அது தேயத் தொடங்கியது.

காரணம் பணம் வரும் வழி மாறியதுதான். 1854இன் கல்வி அறிக்கைக்குப் பிறகு உதவி மானியம் வந்தது. 1860களின் பிற்பகுதியிலிருந்து சென்னை மாகாணத்தில் திண்ணைப் பள்ளிகளையும் ‘ரிசல்ட் கிராண்ட்’ என்ற ஏற்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். வருடத்துக்கு ஒருமுறை இன்ஸ்பெக்டர் வருவார். ஒவ்வொரு பிள்ளையையும் நிறுத்தி வாசிக்க, எழுத, கணக்குப் போடச் சொல்வார். தேறின தலைக்கு இவ்வளவு என்று வாத்தியாருக்கு மானியம். நவராத்திரியில் ஊர் கேட்டு ஊர் கொடுத்தது. இப்போது இன்ஸ்பெக்டர் கேட்டு சர்க்கார் கொடுத்தது. பிள்ளை யாருக்கு எதிரில் நின்று சொல்லவேண்டும் என்பது மாறிவிட்டது. அந்த மானிய முறை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போய்விட்டாலும், படிப்பின் முடிவு வெளியிலிருந்து வரும் ஒருவர் போடும் எண் என்ற எண்ணம் போகவில்லை.

மேடை ஆண்டு விழாவும் இந்த நூற்றாண்டில் வந்ததே. 1842இல் தொடங்கிய பச்சையப்பன் பள்ளியின் ஆண்டுக் கூட்டங்களில் அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் நிகழ்த்திய உரைகள் புத்தகமாகவே வந்தன. நல்ல மனிதர், கல்விக்காகப் பாடுபட்டவர். ஆனால் ஒன்றைப் பாருங்கள்: அச்சேறியது விருந்தினரின் பேச்சு. பிள்ளைகள் என்ன பேசினார்கள் என்பதல்ல. அன்றைக்குத் தொடங்கிய வழக்கம் இன்றைக்கும் நம் மலர்களில் தொடர்கிறது.

சிம்லாவும் தில்லியும்

1911 டிசம்பரில் தலைநகர் தில்லிக்கு மாறும் என்று அறிவித்தார்கள். சர்க்கார் ஆபீசுகளில் குமாஸ்தாக்களாகவும் கணக்கர்களாகவும் தமிழர்கள் வந்து சேர்ந்தார்கள். கோடையில் அரசாங்கம் சிம்லாவுக்கு ஏறும், குளிரில் தில்லிக்கு இறங்கும். குடும்பமும் கூடவே ஏறி இறங்கும். பிள்ளைகள் படிப்பு என்ன ஆவது? 1923இல் மதராஸி எஜுகேஷன் அசோசியேஷன் என்ற பெயரில் நம் முன்னோர் தொடங்கிய பள்ளியும் அரசாங்கத்தோடு சேர்ந்து மலை ஏறி இறங்கியது. அதுதான் பின்னால் தில்லித் தமிழ்க் கல்விக் கழகமாகி, மந்திர் மார்க் முதல் ஜனக்புரி வரை ஏழு பள்ளிகளை நடத்தி வருகிறது. பம்பாய் மாட்டுங்காவில் 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியதும் இதைப் போன்ற தேவையால்தான்.

அந்தத் தலைமுறைக்கு ஆண்டு விழா எதற்காக வேண்டியிருந்தது என்று யோசித்துப் பார்த்தால், அது பிள்ளைகளுக்காக மட்டும் இல்லை என்று தெரிகிறது. ஊரில் கோயில் திருவிழா இருந்தது, கதாகாலட்சேபம் இருந்தது, திண்ணை இருந்தது. இங்கே பல குடும்பங்களுக்குத் தமிழை நாலு பேர் சேர்ந்து காதால் கேட்கிற சந்தர்ப்பம் வருடத்தில் ஓரிரு நாள்தான். அதில் ஒரு நாள் பள்ளி விழா. பிள்ளை குறள் சொல்ல, பக்கத்து வீட்டு மாமியும் ஆபீஸ் மேனேஜரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்பார்கள். மானம்பு ஊர்வலத்தின் வாரிசு என்று அதைத்தான் சொல்வேன்.

இப்போது என்ன நிலை என்பதை என் தொழில் வழியாகத்தான் சொல்ல முடியும். நான் எவர்சில்வர் பாத்திர வியாபாரம் செய்பவன். சங்கங்களுக்கும் பள்ளிகளுக்கும் பரிசுப் பொருள் கொடுத்துப் பல வருடமாகிறது. டம்ளர், தட்டு, சம்புடம், கோப்பை. பேர் வெட்டிக் கொடுப்பதும் நாங்களே. ஆகவே எந்தப் பரிசு ஏறுகிறது, எது இறங்குகிறது என்று ஆர்டர் புத்தகமே சொல்லிவிடும். முன்பெல்லாம் ‘தமிழ்ப் பேச்சு முதல் பரிசு’, ‘குறள் விளக்கம் முதல் பரிசு’ என்று மூன்று பிரிவுகளுக்கும் வெட்டச் சொல்வார்கள். பிறகு ‘குறள் ஒப்பித்தல்’ என்று மாறியது. விளக்கம் போய் ஒப்பித்தல் நின்றது. இப்போது கூட்ட நடனத்துக்கு ஒரே மாதிரி முப்பது கோப்பை, ‘பங்கேற்றமைக்கு’ என்று ஒரே வாசகம். எனக்கு வியாபாரம் கூடத்தான் செய்கிறது, நஷ்டமில்லை. ஆனால் ஒரே வாசகத்தை முப்பது தடவை வெட்டும்போது கழுகுமலை நினைவுக்கு வருகிறது. அங்கே ஒவ்வொரு பெயரும் வேறு.

இன்ன பள்ளி என்று சொல்ல வேண்டாம். ஒரு விழாவில் தமிழ்ப் பேச்சுக்கு மூன்று பிள்ளைகள் தயாராகி வந்து பட்டுப் பாவாடையோடு உட்கார்ந்திருந்தார்கள். விருந்தினர் பேச்சு நீண்டது, மண்டபத்தைத் திருப்பிக் கொடுக்கும் நேரம் நெருங்கியது. பேச்சை நீக்கிவிட்டுப் பரிசை மட்டும் கொடுத்து அனுப்பினார்கள். மூன்று பேரும் வரிசையாக வந்து என் கடைத் தட்டை வாங்கிக்கொண்டு போனார்கள். கேட்காத பேச்சுக்கு யார் முதல், யார் இரண்டாவது என்று எப்படித் தீர்மானித்தார்களோ! எனக்கு அது வாங்காத சரக்குக்குப் பில் போட்டது போல இருந்தது.

பெற்றோரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. பத்தாம் வகுப்பு மார்க்குக்கு எந்த மொழி எளிது என்று கணக்குப் பார்த்துத் தமிழை இடையில் விட்டுவிடுகிறார்கள். பரீட்சை எண்ணைத்தான் காலேஜில் கேட்கிறார்கள். குறளுக்கு விளக்கம் சொல்வானா என்று கேட்பதில்லை. தமிழை எழுதும் பிள்ளைக்குக்கூட அந்தப் பரீட்சை வாத்தியார் பங்கான கால் பங்கைத்தான் அளக்கும். எட்டணாவை அளக்க அதனிடம் படி இல்லை. அதை அளக்கிற இடம் சங்கத்துக் கூடமும் விழா மேடையும்தான். நம் கையில் இருப்பதும் அவை இரண்டுதான். விருந்தினருக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியை எடுத்தால் ஆறு பிள்ளைகள் ஆளுக்கொரு குறளைச் சொந்த வார்த்தையில் சொல்லலாம். தப்பும் தவறுமாகச் சொல்லட்டும், இந்தி கலந்தே சொல்லட்டும். தரசேனர் பிழையோடுதான் பாடம் தொடங்கினார்.

நம் சங்கத்து ஞாயிறு வகுப்பில் கொஞ்ச காலமாக இப்படிச் செய்து பார்க்கிறார்கள். வருடக் கடைசியில் மார்க் கிடையாது. பிள்ளை தனக்குப் பிடித்த ஒரு பாட்டையோ கதையையோ எடுத்துக்கொண்டு பெரியவர்கள் முன்னால் பேச வேண்டும், அவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். போன தடவை ஏழாவது படிக்கும் ஒரு பெண் நாலடியார் கதையைச் சொன்னாள். பாண்டியனிடம் சொல்லாமல் போன எண்ணாயிரம் முனிவர்கள் ஆளுக்கொரு பாட்டு எழுதி வைத்ததையும், அரசன் அவற்றை வைகையில் போட்டதையும், நானூறு ஏடுகள் எதிர்நீச்சல் போட்டுக் கரையேறியதையும் சொல்லி முடித்தாள். ஒரு பாட்டி எழுந்து, “முழுகிப்போன பாட்டெல்லாம் மோசமான பாட்டாம்மா?” என்று கேட்டார். பிள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டு, “அதை யாரும் படிச்சுப் பாக்கலையே பாட்டி, எப்படித் தெரியும்?” என்றாள்.

அவளுக்கு ஒரு டம்ளர் வெட்டினோம். பேரைத் தமிழில் வெட்டித் தரச் சொன்னாள். எங்கள் கடையில் பேர் வெட்டும் பையன் பீகார்க்காரன், தமிழ் எழுத்து தெரியாது. காகிதத்தில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு சுழியையும் பார்த்துப் பார்த்து, இது எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று இரண்டு தடவை என்னைக் கேட்டு, அரை மணி நேரம் எடுத்துக்கொண்டான்.